இடது பக்கத்து வாக்கியங்கள்

டிசம்பர் முப்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு, இந்த ஆண்டில் உங்கள் மனங்கவர்ந்த மென்பொருள் எது, நூறு சொற்களில் எழுதுக என்று அலுவலகம் செவ்வந்தியைக் கேட்டது. அவளுக்கு இருந்த எரிச்சலில் நூறு என்ன, நாலு சொல்லே போதும். ஆனால் அந்த நாலும் எழுதக்கூடிய சொற்கள் இல்லை. அதனால் யோசித்து எழுதினாள்.

"எனக்குப் பிடித்தது கணினியோடு இலவசமாக வருகிற குறிப்பேடு. நான் அடித்ததை அது அப்படியே வைத்திருக்கும். அதற்குப் படம் போடத் தெரியாது, பாட்டுப் பாடத் தெரியாது, முக்கியமாக எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது. அடுத்தபடியாகப் பிடித்தது கைப்பேசியின் டார்ச். அதற்கடுத்து அலாரம். ஐந்தரைக்கு எழுப்பு என்றால் ஐந்தரைக்கு எழுப்புகிறது. 'களைப்பாகத் தெரிகிறீர்களே, ஆறு மணிக்கு எழலாமா' என்று கொஞ்சுவதில்லை. சொன்னதைச் செய்கிற மென்பொருள் இந்த நாட்டில் இவ்வளவுதான் மிச்சம்."

பக்கத்து நாற்காலியிலிருந்து பர்வீன் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, டார்ச்சுக்கு அவார்டு குடுத்தா மேடையேறி வாங்கறது யாரு? பேட்டரியா?"

"யாரோ வாங்கட்டும். இங்கிதத்துக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்."

"போன வருசமும் இதையேதான் சொன்ன. நூத்துக்கு நூறு இங்கிதமே ஜெயிச்சுது."

'இங்கிதம்' என்பது அவர்கள் இருவரும் வேலை பார்த்த நல்வாக்கு டெக்னாலஜிஸ் செய்த சரக்கு. கோயம்புத்தூர் காளப்பட்டி ரோட்டில் நாலு மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரே ஒரு மென்பொருள். நீங்கள் பேசினாலும் எழுதினாலும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் மனம் நோகாதபடி மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். "அறிவிருக்கா?" என்று நீங்கள் அனுப்பினால், "உங்கள் யோசனையை அறிய ஆவல்" என்று அவருக்குப் போகும். அவர் பதிலுக்கு உங்கள் பரம்பரையை இழுத்தால், "குடும்பத்தார் நலமா?" என்று உங்களுக்கு வரும். உலகம் அமைதியாக இருக்கும்.

'பிறருக்கு விற்பதை முதலில் நாம் உடுத்துவோம்' என்று வரவேற்பறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதனால் அலுவலகத்துக் கடிதம், கைப்பேசி, கூட்டம், விடுப்புச் சீட்டு எல்லாமே இங்கிதம் வழியாகத்தான் போகும். அனுப்பியவருக்குத் தான் எழுதியது மட்டும் தெரியும், பெற்றவருக்கு வந்தது மட்டும் தெரியும். இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்க முடியாது. பார்த்தால் மனம் நோகுமல்லவா! தன்னுடைய வாக்கியத்தில் மட்டும் இங்கிதம் ஓரத்தைத்தான் நறுக்குகிறது, மற்றவன் வாக்கியத்தைத்தான் குடைசாய்க்கிறது என்று அந்தக் கட்டடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நம்பினார்கள். செவ்வந்தியும் நம்பினாள். மூன்று வருஷம் அதைச் சோதனை பண்ணுகிற வேலையிலேயே இருந்துகொண்டு நம்பினாள் என்பதுதான் கேவலம்.

அந்த நம்பிக்கை அவள் அம்மாவால்தான் ஆட்டம் கண்டது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வந்தியின் அம்மா மாராத்தாள் ஆவாரம்பாடியிலிருந்து அழைத்தாள். செவ்வந்தி பிறந்து வளர்ந்த சின்ன ஊர்.

"அம்மிணி, பைப்புல சாக்கடத் தண்ணி வருது. எதுத்த வூட்டு ராசாத்தி மக நாலு நாளா ஆசுபத்திரில கெடந்து இப்பத்தான் தேவலையாயி வந்துருக்குது. குடிதண்ணிப் புகாருன்னு ஒரு நெம்பரு குடுத்துருக்கறானுக. ஒம்போது தடவ போன் பண்ணிப்போட்டேன். ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

"என்னம்மா சொன்ன அவங்ககிட்ட?"

"என்னத்தச் சொல்றது? தகிரியமிருந்தா வந்து ஒரு டம்ளரு குடிச்சுக் காட்டுங்கடான்னேன். அந்தப் புள்ள தேங்க்சுன்னு சொல்லி வெச்சுப்போட்டா."

இங்கிதத்தைக் குடிநீர்ப் புகார் எண்களுக்கு விற்கப் போகிறார்கள். ஜனவரி ஒன்று முதல் பதினான்கு ஊர். அதற்கு முன்னோட்டமாக மூன்று மாதம் ஒரே ஒரு ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊர் ஆவாரம்பாடி. அதைச் சோதிப்பவள் செவ்வந்திதான்.

திங்கட்கிழமை பதிவுகளைத் திறந்தாள். அம்மாவின் எண் ஒன்பது இடத்தில் இருந்தது. ஒன்பதாவது பதிவு இப்படி: 'ஏழாம் வார்டைச் சேர்ந்த சகோதரி, தங்கள் பகுதிக் குடிநீரின் தனித்துவமான சுவையை அதிகாரிகளும் அறிந்து மகிழ, ஒரு குவளை அருந்த அன்புடன் அழைக்கிறார்.' பிரிவு: பாராட்டு.

ஊர்க் குடிநீர்ப் பொறியாளரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்பது பாராட்டு வந்த வார்டுக்கு எவன் குழாயைத் தோண்டப் போவான்?

அன்றைக்கே எழுதினாள். 'இது ஆளைக் கொல்லும். வெளியிடக்கூடாது.' அவள் குழுத்தலைவர் ஜோதிவேலிடமிருந்து பதில் வந்தது: 'மனமார்ந்த நன்றி, செவ்வந்தி. இப்படியே தொடருங்கள்.' மறுபடி எழுதினாள். மறுபடி நன்றி. டிசம்பர் முப்பதுக்குள் பதினோரு அறிக்கை, பதினோரு நன்றி. ஒவ்வொன்றையும் முதலில் குறிப்பேட்டில் அடித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் கடிதத்தில் ஒட்டினாள். கல்லூரியில் கரண்ட் போய்ப் போய் வந்த காலத்துப் பழக்கம் அது.

முப்பதாம் தேதி மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் ஜோதிவேலை நேராகவே பிடித்துவிட்டாள். மனுஷன் தயிர்சாதத்தில் மாதுளை முத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் புகார் எண் விஷயம்."

"எழுத்துல போடும்மா. இங்க எழுத்துல இல்லாதது நடக்காததுக்குச் சமம்."

"பதினோரு தடவை போட்டுட்டேன் சார்."

"படிச்சேனே. எல்லாம் பிரமாதம்னுதானே போட்டிருந்த?"

செவ்வந்தி கையிலிருந்த டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்து உருண்டது. "சார், அது நான் எழுதினதே இல்ல."

"அப்படியா? அப்ப அதையும் எழுத்துல போடு." எழுந்து கை கழுவப் போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி நின்றார். "வாயால சொன்னா இந்த ஆபீஸ்ல மேல ஏறாதும்மா. நானும் பட்டவன்தான்."

பர்வீனிடம் வந்து கொட்டினாள். பர்வீன் கேட்டுக்கொண்டாள், ஆனால் ஆமாம் போடவில்லை. "நீ சொல்றது வாஸ்தவம். ஆனா இங்க வர்றதுக்கு முன்னால ரெண்டு வருசம் நான் புகார் லைன்ல உக்காந்திருந்தேன், தெரியுமில்ல? ஃபிரிட்ஜ் கம்பெனி. ஐஸ் கட்டி ஆகலைன்னு ஒருத்தன் என்னைப் பேசினதை எங்கம்மாகிட்டகூடச் சொல்ல முடியாது. பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தா, அதுக்குள்ள மூணு பேரு வரிசைல. இங்கிதம் அன்னைக்கு இருந்திருந்தா, பூ வெச்சுக் கும்பிட்டிருப்பேன்."

இது செவ்வந்தி யோசிக்காத பக்கம்.

"அதுக்காகச் சாக்கடையைத் தேன்னு எழுதுவியாடி?" என்றாள், கொஞ்சம் குரல் இறங்கி.

"எழுத வேண்டாம். ஆனா திட்டறது ஈஸி. அதைக் காதுல வாங்கற வேலைதான் கஷ்டம். அதையும் சேர்த்துச் சொல்லு."

மாலை நாலு மணிக்கு அந்த ஆண்டின் கடைசி வேலை வந்து சேர்ந்தது. பாட்டுக் கேட்கிற செயலிகள் வருஷக் கடைசியில் 'நீங்கள் அதிகம் கேட்ட பாட்டு' என்று படம் காட்டுமே, அந்த மாதிரி இங்கிதத்துக்கும் ஒன்று செய்திருந்தார்கள். பெயர் 'உங்கள் ஆண்டு'. ஒவ்வொருவரும் எழுதியதில், இதமாக்குவதற்கு இங்கிதம் அதிகம் பாடுபட்ட ஒரு வாக்கியத்தைப் பொறுக்கி, பூப்போட்ட சட்டத்தில் காட்டும். நாளை மூன்று மணிக்கு, கேக் வெட்டியதும், பெரிய திரையில், எல்லோர் முன்னாலும். சோதித்துத் தர வேண்டியவள் செவ்வந்தி.

அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எழுத்தின் அளவு, பூவின் நிறம், பின்னணி இசை. எட்டாவதாக ஒரு கட்டம்: 'இடது பக்கம் மூல வாக்கியத்தைக் காட்டு.' செய்தவன் தனக்கு வசதியாக வைத்துவிட்டு எடுக்க மறந்திருக்க வேண்டும். குறியிடாமல் கிடந்தது.

அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கிப் படித்தவள் அவள். வீட்டில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள். போன பொங்கலுக்குக் காலாவதியான பழைய அட்டையைக்கூட அம்மா தூக்கிப் போடாமல், சாமி படத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறாள். வேலை போனால் அந்த ஆணியைப் பார்க்கவே முடியாது.

பிறகு ராசாத்தி மகள் ஞாபகம் வந்தது. எட்டு வயது. சதா பல்லாங்குழிப் புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு திரியும்.

கட்டத்தில் குறி போட்டாள். 'சோதித்தாயிற்று, சரி' என்று அனுப்பினாள். அது எப்படித் திரிந்து போனால் என்ன!

மறுநாள் மூன்று மணிக்கு இருநூற்றுச் சொச்சம் பேரும் சாப்பாட்டுக்கூடத்தில் கூடினார்கள். பலூன், அன்னாசி கேக், பேப்பர் தட்டில் ஆளுக்கு இரண்டு சமோசா. முதலாளி வசுமதி மேடம் பருத்திப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒற்றை ஆளாக இங்கிதத்தை எழுதியவர். ஒரு மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கோப்பைத் தூக்கி எறிந்த அன்றைக்கு அந்த யோசனை தோன்றியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

"ஆண்டின் மனங்கவர் மென்பொருள்," என்று மார்க்கெட்டிங்காரர் ஒலிவாங்கியைப் பிடித்து இழுத்துச் சொன்னார், "இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு… இங்கிதம்!"

கைதட்டல். வசுமதி மேடத்தின் புருவம் மட்டும் லேசாக நெறிந்ததைச் செவ்வந்தி பார்த்தாள்.

அடுத்தது 'உங்கள் ஆண்டு'. பின்னணி இசை எழுந்தது. திரையில் ரோஜாப்பூச் சட்டம். மேலே பர்வீன் பானு என்று பெயர். இடதில்: 'என் பிரியாணியிலிருந்து லெக் பீஸை எடுத்தவன் கை விளங்காமல் போக.' வலதில்: 'விருந்தைப் பகிர்ந்துகொண்ட அன்பருக்கு நல்வாழ்த்து.'

எல்லோர் கண்ணும் இடதிலிருந்து வலதுக்குப் போயிற்று. பிறகு கூடமே குலுங்கியது.

"யா அல்லா," என்று பர்வீன் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏழு மாசமா அவன் எனக்கு ஏன் குட்மார்னிங் அனுப்பறான்னு இப்பத்தான் புரியுது!"

மார்க்கெட்டிங்காரர் பதறிப்போய் மடிக்கணினியைத் தட்டினார். அது நிற்கவில்லை. நிறுத்து என்று அவர் அனுப்பிய கட்டளையும் இங்கிதம் வழியாகத்தான் போயிற்று போலும். வரவேற்பறைப் பெண், கணக்குப் பிரிவு, காவலாளி என்று ஒவ்வொரு சட்டமாக மலர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியது. சிலர் மட்டும் சிரிக்காமல் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து செவ்வந்தி மா. இடதில்: 'ஊரே சாக்கடையைக் குடிக்கிறது, நாம் அதற்குப் பாராட்டுப் பத்திரம் எழுதுகிறோம், இதை வெளியிடுகிறவன் மனுஷனே இல்லை.' வலதில்: 'ஊரே பாராட்டுகிறது. வெளியிடுபவர் மாமனிதர்.'

யாரும் சிரிக்கவில்லை. செவ்வந்தி கையில் சமோசா ஆறிக்கொண்டிருந்தது. போச்சு என்று நினைத்தாள். ஆணி, அட்டை, எல்லாம் போச்சு.

சட்டம் மாறியது. ஜோதிவேல். இடதில்: 'மேடம், இதை வெளியிட்டால் முதல் மாதமே அசிங்கப்படுவோம், என் பெயரை இதிலிருந்து எடுத்துவிடுங்கள்.' வலதில்: 'மேடம், இந்த வெளியீட்டில் என் பெயரும் இடம்பெறுவது என் பாக்கியம்.'

"அடப்பாவி," என்றார் ஜோதிவேல், திரையைப் பார்த்து. பிறகு செவ்வந்தியைப் பார்த்து, "எல்லாத்தையும் பிரமாதம்னு எழுதற டெஸ்டர் எனக்கு எதுக்குன்னு உனக்கு ஒவ்வொரு தடவையும் திட்டி அனுப்பினேனே!"

"மனமார்ந்த நன்றின்னு வந்துச்சு சார்."

"நான் யாருக்கும் மனமார நன்றி சொன்னதே கிடையாதும்மா. என் பொண்டாட்டியைக் கேளு."

கூடம் மறுபடி சிரிக்கப் போய், பாதியில் நின்றது. திரையில் வசுமதி என்று வந்திருந்தது. அக்டோபரில் புகார் எண் திட்டம் பற்றி அவர் எல்லோருக்கும் அனுப்பிய கடிதம்.

இடதில்: 'எனக்கே இதில் பயமாக இருக்கிறது. இருநூறு பேரில் ஒருவராவது வேண்டாம் என்று சொல்லுங்கள், நாளைக்கே நிறுத்திவிடுகிறேன்.'

வலதில்: 'இருநூறு பேரின் உற்சாகம் என் பயத்தைப் போக்கியது. நாளைக்கே தொடங்கிவிடுவோம்.'

பின்னணி இசை மட்டும் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் ஒயரைப் பிடுங்கினார்கள்.

வசுமதி மேடம் எழுந்து நின்றார். ஒலிவாங்கியை நீட்டினார்கள், வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அதுவும் இங்கிதத்தோடு இணைத்ததுதான்.

"வேண்டாம்னு எழுதினவங்க கை தூக்குங்க."

முதலில் நாலு கை. பிறகு முப்பது. பிறகு எண்ண முடியவில்லை.

"எனக்கு ஒரு கடிதம்கூட வரலையே," என்றார். "ரெண்டு மாசமா தினமும் பார்த்தேன். எல்லாரும் வாழ்த்தினீங்க." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "அந்த ஓட்டுல நூத்துக்கு நூறுன்னதும் பொய்தான். நான் போட்டது பாம்பு கேமுக்கு" என்றார்.

அப்போது எழுந்த சிரிப்பில் கூடத்துக்கு மூச்சு திரும்பி வந்தது.

"இடது பக்கத்தைத் திறந்துவிட்டது யாரு?"

"நான்தாங்க மேடம்." செவ்வந்தி சமோசாவைக் கீழே வைத்தாள். "தெரியாம பண்ணலை. தெரிஞ்சேதான் பண்ணினேன்."

"உன் அறிக்கை எல்லாம் எங்க இருக்கு? நீ எழுதினது, எனக்கு வந்தது இல்ல."

"குறிப்பேட்டுல இருக்குங்க."

"வாசி."

மடிக்கணினியை எடுத்து வந்து, நின்றபடியே வாசித்தாள். பதினோரு அறிக்கை. ராசாத்தி மகள், ஒன்பது பாராட்டு, ஒரு டம்ளர் தண்ணீர். ஆறாவது அறிக்கையில் இரண்டு இடத்தில் கெட்ட வார்த்தை இருந்தது, அதையும் விடாமல் வாசித்தாள். வசுமதி மேடம் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் ஆவாரம்பாடி பொறியாளரின் எண்ணை வாங்கி, இங்கிதம் இல்லாத சொந்தக் கைப்பேசியிலிருந்து அங்கேயே அழைத்தார். "உங்க ஏழாம் வார்டுக் குழாயில சாக்கடை கலக்குது. எங்க தப்பால உங்களுக்குத் தெரியாமப் போச்சு. இன்னைக்கே ஆளை அனுப்புங்க." வைத்துவிட்டு, "பதினாலு ஊரும் கிடையாது. நிறுத்தியாச்சு," என்றார்.

எல்லோரும் கைதட்டும்போது பர்வீன் மட்டும் கை தூக்கினாள். "மேடம், எனக்கொண்ணு. இங்கிதத்தைத் தூக்கிட்டா, லைன்ல உக்கார்ற பொண்ணுங்க கதி? அவங்க வாங்கற திட்டு?"

வசுமதி மேடம் அவளையே பார்த்தார். "நீயே சொல்லு."

"எங்களைத் திட்டறதை எடுத்துருங்க, தண்ணியைத் திட்டறதைத் தொடாதீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்னா ஒரு ஆள் முழுநாள் கேக்கணும். மெஷின் இல்லாம, வெறும் காதால." செவ்வந்தியைக் கை காட்டினாள். "முதல்ல இவளை உக்கார வைங்க. ரொம்பப் பேசறா."

ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, ஆவாரம்பாடி குடிநீர்ப் புகார் எண்ணுக்கு வருகிற அழைப்பெல்லாம் காளப்பட்டி ரோட்டுக்குத் திரும்பியது. செவ்வந்தி காதில் கருவியை மாட்டிக்கொண்டாள். குறிப்பேட்டைத் திறந்து வைத்தாள். பர்வீன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சினிமா பார்க்கிறவள் மாதிரி முறுக்கோடு உட்கார்ந்தாள்.

முதல் ஆள் அவளைச் சோம்பேறி என்றார். இரண்டாவது ஆள் சொன்னதைக் கேட்டு அவள் காது சிவந்தது. அடித்தாள், அழித்தாள், திரும்ப அடித்தாள். மூன்றாவது அழைப்பு முடிந்ததும் தண்ணீர் குடித்தாள். பர்வீன் முறுக்கை நீட்டினாள். "ரெண்டு வருசம்டி," என்று மட்டும் சொன்னாள்.

நான்காவது அழைப்பு. எண்ணைப் பார்த்ததும் செவ்வந்தி வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் விட்டால்தானே!

"இது பத்தாவது தடவ! நேத்துப் பொழுதோட நாலு பேரு வந்து குழியத் தோண்டி வெச்சுப்போட்டுப் போயிட்டானுக, மூடல. ராவுல மாடு வுளுந்தா எவன் தூக்கறது? நல்ல நாளு அதுவுமா வாயத் தொறக்க வெக்கறீங்களே! பேசமாட்டியா? வாயில கொழுக்கட்டையா? உன்னையெல்லாம் எவடி பெத்தா? அவளக் கூப்புடு, நாலு வார்த்த நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கோணும்!"

செவ்வந்தி ஒலியைக் கூட்டி வைத்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் அடித்தாள். குழி, மாடு, ராத்திரி.

"ரொம்பத் திட்டறாங்களா?" என்று பர்வீன் வாயசைத்தாள்.

செவ்வந்தி ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள். "எங்கம்மாடி."

படிவத்தின் கடைசிக் கட்டம் 'புகார்தாரரின் மனநிலை' என்று கேட்டது. போன மூன்று மாதத்தில் அந்த இடத்தில் 'மகிழ்ச்சி' தவிர வேறெதுவும் வந்ததில்லை.

'கோபம்' என்று அடித்தாள். கையை எடுத்துவிட்டு, மாறுகிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அப்படியே இருந்தது.